பழைய அபார்ட்மென்ட்டின் தண்ணீர்க் குழாய் ஆய்வு: சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் பார்த்தது

முப்பது வருடம் தாண்டிய அபார்ட்மென்ட்டில் சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். எங்களுடையது 24 வீடு. மேட்டூர்த் தண்ணீருக்கு ஒரு சம்ப், போர் தண்ணீருக்குத் தனி சம்ப், லைன் எல்லாம் கட்டியபோது போட்ட ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். எங்கே உடைகிறதோ அந்த இரண்டடியை மட்டும் மாற்றிவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பணம் கேட்டுக்கொண்டிருந்தோம். இந்த முறை முழு லைனையும் பார்த்து அறிக்கை தரும் ஒரு சின்னக் குழுவைக் கூப்பிட்டோம்.

விலை பேசும் முன்பே இரண்டாவது மாடி வளைவில் ஒரு துண்டை அறுத்து எங்கள் கையில் கொடுத்தார்கள். வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கிறது, உள்ளே துரு கட்டிகட்டியாக ஏறி, ஒன்றரை அங்குல பைப்பில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி. துத்தநாகப் பூச்சு போனபின் இரும்பு அரிக்கிறது, நம் ஊர் போர் தண்ணீரின் சுண்ணாம்பு அதன்மேல் படிகிறது. மேல் மாடிக்குத் தண்ணீர் ஏறாததற்கு மோட்டாரைத் திட்டியவர்கள் எல்லாம் அந்தத் துண்டைப் பார்த்ததும் அமைதியானார்கள். கடைசி வீட்டுக் குழாயில் கிருமி கொல்லும் குளோரினும் சோதித்தார்கள்: லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும், துளிகூட இல்லை. துருவே அதைத் தின்றுவிடுமாம்.

அறிக்கையில் எதை முதலில் மாற்றுவது, எதை அப்புறம் என்று ஐந்து வருடத்துக்குப் போட்டிருந்தார்கள். முதலில் மோட்டார் லைனும் வால்வுகளும், பிறகு ஒவ்வொரு பக்கமாக மாடி லைன், துருப்பிடிக்காத சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பில். வருடத்துக்குச் சுமார் 80,000 ரூபாய்.

கூட்டத்தில் கீழ்வீட்டு அம்மா, "தம்பி, எனக்குத்தான் தண்ணி நல்லா வருதே, நான் எதுக்குக் குடுக்கணும்?" என்றார். குழுவின் மேஸ்திரி பொறுமையாக, "மோட்டார் லைன் உடைஞ்சா கீழேயும் வராதுங்கம்மா" என்று சம்ப்பிலிருந்து டேங்க் வரை கூட்டிப்போய்க் காட்டினார். இந்த வேலையை எந்த பிளம்பரும் செய்து நான் பார்த்ததில்லை.

குறை என்றால், எல்லாமே இன்றைய விலை. ஐந்தாம் வருடமும் பைப் இதே விலைக்கா கிடைக்கும்? அவர்கள் கணக்குப்படி வீட்டுக்கு மாதம் 300 போதும், வருடம் 86,400 வரும். நாங்கள் விலை ஏற்றத்தைச் சேர்த்து 350 ஆக்கினோம், 1,00,800 வருகிறது. மெயின்டனன்ஸோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கு, எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. அறிக்கையும் சொன்ன தேதிக்கு வரவில்லை, கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் தயங்காமல் கூப்பிடச் சொல்வேன். விலை ஏற்றத்தை மட்டும் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.