மூர் மார்க்கெட் பழைய இசைத்தட்டுகள்: ஓராண்டு வாங்கிக் கேட்ட பிறகு

முதலில் இடம். மூர் மார்க்கெட் என்று சொன்னால் ஆட்டோக்காரர் சென்னை சென்ட்ரல் புறநகர் ரயில் கட்டடத்தின் முன் இறக்கிவிடுவார். பழைய சந்தை நின்ற இடம் அதுதான், ரயில்வே இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறது. 1985 தீ விபத்துக்குப் பிறகு கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போய்விட்டன. ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் பக்கம் போய் அல்லிக்குளம் என்று கேளுங்கள். அங்கே பழைய புத்தகக் கடைகளோடு கலந்திருக்கும் இசைத்தட்டு, கேசட் கடைகளைப் பற்றியது இந்த மதிப்பீடு.

ஓராண்டு வாங்கிக் கேட்டதில் தெரிந்தது இது: கர்நாடக இசை எல்பிக்கும் (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டு) சினிமா இபிக்கும் (ஓரிரு பாட்டு உள்ள சின்னத் தட்டு) தாராளமாகப் போகலாம். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய வகைத் தட்டுக்கு அதற்கென்று கருவி இல்லாதவர்கள் போக வேண்டாம். கேசட் வாங்குகிறவருக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். விலைப்பட்டியல் எங்கும் கிடையாது. தட்டின் நிலையைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை. அதனால் படிப்பது எப்படி என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடையில் போட்டுக் கேட்க வசதி பெரும்பாலும் இருக்காது. செல்போன் டார்ச்சைத் தட்டுக்குச் சாய்வாகப் பிடியுங்கள். நேராக அடித்தால் எல்லாத் தட்டும் புதிதுபோல் பளபளக்கும். சாய்த்துப் பிடித்த வெளிச்சத்தில், முள் ஓடும் பள்ளங்களான வரிகள் கறுப்பாகவே மின்னினால் நல்ல தட்டு. சாம்பல் பூத்தது போல் வளையம் வளையமாகத் தெரிந்தால், கனமான முள்ளில் ஓடி ஓடித் தேய்ந்தது. கழுவினாலும் அந்தக் கரகரப்பு போகாது. அழுக்கு அப்படி இருக்காது, திட்டுத் திட்டாக இருக்கும், கழுவினால் போய்விடும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் காசு மிச்சம். பிறகு லேபிளில் நடுத்துளையைச் சுற்றிப் பாருங்கள். தட்டை மாட்டும்போது துளை தேடிப் பிளேயரின் நடுக்கம்பி உரசிய கோடுகள் அங்கே விழுந்திருக்கும். கோடுகள் நிறைய இருந்தால் வீட்டில் நிறைய ஓடியிருக்கிறது என்று பொருள்.

கீறலை நகத்தால் சோதிக்க வேண்டும். நகத்தில் தட்டாத கீறல் அநேகமாகக் காதிலும் தட்டாது. வரிகளுக்குக் குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டிக்’ தரும். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று, அதாவது 1.8 விநாடிக்கு ஒரு டிக். ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடும் எல்பியில் 1 செ.மீ. அகலத்துக்குள் ஏறக்குறைய 85 சுற்று அடங்கும். ஆகவே 1 செ.மீ. குறுக்குக் கீறல் என்றால் சுமார் இரண்டரை நிமிடத்துக்கு டிக் டிக் கேட்டபடி இருக்கும். ஆலாபனையின் நடுவே அது பெரிய வேதனை. வரியோடு சேர்ந்து ஓடும் கீறல் பார்க்கச் சிறிதாக இருந்தாலும் மோசம். முள் அதில் சிக்கி ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடும்.

உறையைப் பார்த்து மட்டும் காசு கொடுக்காதீர்கள். உறையும் தட்டும் மாறிப்போவது பழைய கடைகளில் சகஜம். உறையில் உள்ள எண்ணும் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எச்.எம்.வி. என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் குடும்பத்து எல்பிகளில் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகள் உதவும்: இஏஎல்பி, இசிஎல்பி என்றால் மோனோ (இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி), இஏஎஸ்டி, இசிஎஸ்டி என்றால் ஸ்டீரியோ (இடம், வலம் தனித்தனி ஒலி). மோனோ என்பதற்காக ஒதுக்க வேண்டாம். கச்சேரிப் பதிவுகளில் குரலும் வயலினும் மிருதங்கமும் ஒன்றாக முன்னால் வந்து நிற்பது மோனோவில்தான் அழகு.

எந்த வகையை நம்பி வாங்கலாம்? பக்தி எல்பிகள் ஏராளமாகக் கிடைக்கும், ஆனால் மிகவும் தேய்ந்தவையும் அவைதான். 1963-இல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் போன்ற தட்டுகள் தினமும் காலையில் ஓடியவை. ராகம் தானம் பல்லவி இருக்கும் தட்டுகளை எடுத்துப் பாருங்கள், அப்படித் தினமும் ஓடாதவை என்பதால் பல சமயம் கீறலே இல்லாமல் கிடைக்கும். சினிமா இபி 7 அங்குலம், 45 சுற்று, பக்கத்துக்கு ஒன்றிரண்டு பாட்டு. சுற்று வேகம் கூடுதல் என்பதால் நல்ல நிலையில் உள்ள இபியின் ஓசையில் ஓர் உயிர் இருக்கிறது. பழைய பாட்டுகள் சிலவற்றுக்கு எதிரொலியும் புதுத் தாளமும் சேர்த்து இணையத்தில் ஏற்றியிருப்பதைக் கேட்டு நொந்தவர்களுக்கு, அன்று வந்தது எப்படி இருந்தது என்று காட்ட இபியே சாட்சி.

வாங்கியதை அப்படியே ஓட்டக் கூடாது. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் 800 மி.லி., ஐசோபுரப்பைல் ஆல்கஹால் 200 மி.லி., மணமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. லேபிள் நனையாமல், மென்மையான பிரஷ்ஷால் வரி போகும் திசையிலேயே சுற்றித் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். அலசாமல் விட்டால் சோப்பு வரியில் காய்ந்து முள் நுனியில் பஞ்சாகச் சேரும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், சென்னைத் தண்ணீரின் உப்பு வரிகளுக்குள் படிந்துவிடும். 78 தட்டுக்கு இந்தக் கலவையைக் காட்டாதீர்கள். அது அரக்கில் செய்தது, ஆல்கஹால் பட்டால் கரையும். அந்தத் தட்டுக்கு முள்ளும் வேறு: எல்பிக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 0.7 பங்கு நுனி, 78-க்கு ஆயிரத்தில் 3 பங்கு. எல்பி முள்ளை வைத்தால் பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் எடுக்கும்.

பெட்டி மாதிரி மூடித் தூக்கும் பிளேயர்கள் அழகாக இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் செராமிக் முள் 5 கிராமுக்கு மேல் அழுத்துகிறது. தேடிப்பிடித்த தட்டை அதில் போட மனம் வராது. காந்தக் கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் பகுதி) உள்ள, பெல்ட்டால் சுழலும் டர்ன்டேபிள் 2 கிராம் அளவில் ஓடும். சின்ன டிஜிட்டல் எடைக்கருவி ஒன்று வாங்கி அழுத்தத்தைச் சரிபாருங்கள். குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு. முள் துள்ளித் துள்ளி வரியின் சுவரை இடிக்கும். தினமும் 45 நிமிட எல்பி ஒன்று கேட்டால் ஆண்டுக்கு 274 மணி நேரம். முள்ளின் ஆயுள் பொதுவாக 500 முதல் 1000 மணி என்பதால் இரண்டாவது ஆண்டு முடிவிலேயே மாற்றுவது பாதுகாப்பு. மோனோ தட்டுக்கு ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனை அழுத்துங்கள். இசை இரண்டு சானலிலும் ஒன்றாகவே இருப்பதால் அது நிற்கும், இரைச்சலில் ஒரு பங்கு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். செலவில்லாத மருந்து இது.

கேசட் விஷயத்தில் கம்பெனி கேசட்டைவிட, கேட்ட பாட்டைப் பதிந்து தந்த அந்தக் கால ரெக்கார்டிங் சென்டரில் நல்ல நாடாவில் பதிந்தவை மேலாக ஒலிப்பதுண்டு. கம்பெனிகள் பல மடங்கு வேகத்தில் மலிவு நாடாவில் நகலெடுத்தன. வாங்கும்போது கண்ணாடி வழியே சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி இருந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் டேப் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், விட்டுவிடுங்கள். நாடாவை அழுத்தும் குட்டி ஃபெல்ட் துண்டு விழுந்திருந்தால் ஓசை மங்கும். ஸ்க்ரூ போட்ட உறையென்றால் ஐந்து திருகையும் கழற்றி வேறொன்றிலிருந்து எடுத்து வைக்கலாம். ஒட்டிய உறையை மெல்லப் பிளந்து நாடாவைப் புது உறைக்கு மாற்ற வேண்டும். கேசட் ஓட்டும் பழைய டெக்கில் பெல்ட் தார் மாதிரி உருகியிருக்கும். மின்னணுப் பொருள் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் பெல்ட் தேடப் போகும்போது பழையதை அளவுக்கு எடுத்துப் போக மறக்காதீர்கள்.

பரணில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். மே மாதத்தில் வீட்டிலேயே சூடான இடம் அது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் நெட்டுக்குத்தலாக, மேற்கு வெயில் படாத சுவரோரம் நிறுத்துங்கள். சாய்த்து வைத்தாலும் ஒரு கோடையில் நெளிந்துவிடும். ஒட்டிப்போன பழைய பிளாஸ்டிக் உறைகளை வந்த அன்றே தூக்கிப் போட்டுப் புதுப் பாலித்தீன் உள்ளுறை மாற்றுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கேசட் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, நிறம் மாறும்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.