ரவி வர்மா படத்தை விற்க: ஏலமா, கடையா, நேரடியாகவா?

வீட்டில் பழைய ரவி வர்மா படம் ஒன்று இருக்கிறது, எங்கே விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்று யாராவது கேட்டால், இருப்பது அவர் கைப்பட வரைந்த எண்ணெய் ஓவியமா, அச்சகத்தில் அடித்த ஒலியோகிராஃபா, பிற்காலத்து காலண்டர் படமா என்றுதான் முதலில் கேட்பேன். 2016இல் ‘நிலவொளியில் ராதை’ 23 கோடி ரூபாய்க்கும், 2023இல் ‘யசோதையும் கிருஷ்ணனும்’ 38 கோடிக்கும் மும்பை புண்டோல்ஸ் ஏலத்தில் போனதைப் படித்தவர்கள் பூஜை அறைச் சுவரைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பது இயல்பு. ஆனால் அந்த விலையெல்லாம் எண்ணெய் ஓவியத்துக்கு. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அச்சுப்படம்தான், அதற்குச் சந்தையே வேறு.

1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் பிறகு லோனாவ்லா பக்கம் மளவ்லிக்குப் போய், ஃப்ரிட்ஸ் ஷ்லைசர் என்ற ஜெர்மானியரிடம் கைமாறி, 1906இல் ரவி வர்மா இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் அதே பெயரில் ஓடியது. துரந்தர் போன்ற வேறு ஓவியர்களின் படங்களும் அங்கே அச்சாயின. அதனால் கீழே ‘ரவி வர்மா பிரஸ்’ என்று இருப்பதை வைத்து மட்டும் அவர் காலத்துப் படம் என்றோ, ஏன், அவர் வரைந்த படம் என்றோகூடச் சொல்லிவிட முடியாது. மூலையில் தெரியும் கையெழுத்தும் படத்தோடு சேர்ந்து அச்சானதுதான். ஒரு பூதக்கண்ணாடி போதும்: வரிசை பிசகாத நுண்புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்த பிற்கால அச்சு. ஒலியோகிராஃப் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சுக்கல் வைத்து அடித்தது, அதில் புள்ளிகள் கையால் இட்டவை, ஒழுங்கில்லாமல் இருக்கும், மேலே வார்னிஷ் மினுமினுப்பும் இருக்கும்.

சரி, விற்கும் வழிகளுக்கு வருவோம்.

எண்ணெய் ஓவியம் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் ஏல நிறுவனத்தைத் தவிர வேறு எங்கும் போகாதீர்கள். கமிஷன் உண்டு, காத்திருக்க வேண்டும், ஆவணங்களைக் கேட்டுத் துளைப்பார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் படம் எந்தக் குடும்பத்திலிருந்து எந்தக் குடும்பத்துக்கு வந்தது என்ற வரலாற்றைத் தோண்டியெடுத்து, நிபுணரிடம் காட்டி, பட்டியலில் அச்சடித்துப் பல பேரைப் போட்டிபோட வைப்பது அவர்களால்தான் முடியும். ரவி வர்மாவின் படங்களைப் பார்த்து வரைந்த கைப்பிரதிகள் ஏராளம், அவரே ஒரே காட்சியைத் திரும்ப வரைந்ததும் உண்டு, ஆகவே திருவனந்தபுரம் சித்ரா கலைக்கூடத்திலோ மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலோ அதே மாதிரி ஒன்று தொங்குகிறது என்பதால் உங்களுடையது அசலென்றும் ஆகாது, போலியென்றும் ஆகாது. இதைக் கடைக்காரரின் ஒரு பார்வையில் முடிவுசெய்ய விடுவது பெரிய தப்பு.

ஒலியோகிராஃபுக்கு இதே ஏலம் அவ்வளவு பொருந்தாது. அரிய படமாக, நல்ல நிலையில் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பல படங்களோடு சேர்த்து ஒரே கட்டாகப் போட்டுவிடும் வாய்ப்பு இருக்கிறது, கமிஷன் போக மிஞ்சுவது சொற்பம். பழம்பொருள் கடை, அதாவது காரைக்குடி, கொச்சியின் மட்டாஞ்சேரி மாதிரி இடங்களில் இருப்பவை, கையில் உடனே காசு தரும், அது ஒரு பெரிய வசதிதான். வீட்டை இடிக்கிறார்கள், சாமான்களை ஒரே வாரத்தில் ஒழிக்க வேண்டும் என்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் கடைக்காரர் லாபம் வைத்துத்தான் விற்பார், அந்த லாபம் உங்கள் விலையிலிருந்துதான் போகிறது. மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொரு படத்துக்கும் தனி விலை கேளுங்கள், இரண்டு மூன்று கடைகளிலாவது கேளுங்கள்.

ஒலியோகிராஃபுக்கு என் ஓட்டு சேகரிப்பாளரிடம் நேரடியாக விற்பதற்கே. அலைச்சல் அதிகம், பேரம் சலிப்பூட்டும், ஆனாலும் எந்த வெளியீடு, ஓரம் வெட்டப்பட்டதா, கீழே அச்சகத்தின் பெயர் அச்சான வரி முழுசாக இருக்கிறதா என்று பார்த்து விலை சொல்பவர் அவர்தான். முன்பக்கம், பின்பக்கம், ஓரங்கள், செல்லரித்த இடம், எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக் காட்டுங்கள். தயவுசெய்து துடைக்காதீர்கள், பழைய பிரேமைக் கழற்றிப் புதுசு மாட்டாதீர்கள். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து சரஸ்வதிக்கும் லட்சுமிக்கும் ஜரிகையும் ஜிகினாவும் மணியும் வைத்துத் தைத்த படங்கள் இருக்கின்றன அல்லவா, அதையெல்லாம் பிய்த்துவிட்டு ‘சுத்தமான’ அச்சாக விற்கச் சொல்பவர்களும் உண்டு, அதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஊசிவேலை வேறெந்தப் பிரதியிலும் கிடையாது, அதற்காகவே தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

காலண்டர் படத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம், கிடைத்த விலைக்குக் கொடுங்கள். புதிதாக கான்வாஸில் அச்சடித்து விற்க நினைப்பவர்களுக்குக் காப்புரிமைத் தடை இல்லை, அது எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஆனால் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பதால் அச்சின் தரத்தில்தான் போட்டி. ‘மறு அச்சு’ என்று தெளிவாக எழுதிவிட்டு விற்பதுதான் நேர்மை.

எந்த வழியில் போனாலும் வெளிநாட்டு விலையைக் கணக்கில் வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி ரவி வர்மாவின் படைப்புகள் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டவை, தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. 2017இல் நியூயார்க் சோத்பிஸ் ஏலத்தில் அவருடைய ‘தமயந்தி’ விற்றது முன்பே வெளிநாட்டில் இருந்ததால்தான். நூறாண்டு கடந்த பழம்பொருளை வியாபாரமாக விற்பவருக்குத் தொல்லியல் துறை உரிமம் வேண்டும், கடையில் அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அப்புறம் வரி: வீட்டுச் சாமான்தானே என்று விட்டுவிட முடியாது, ஓவியம் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்து, பரம்பரையாக வந்ததை விற்றாலும் லாபத்துக்கு வரி உண்டு. பெரிய தொகை என்றால் விற்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.