தேக்கு மேசைக்கு ஏற்ற நாற்காலி: ஏழு மாதம் உட்கார்ந்து பார்த்தபின்

காரைக்குடி செக்காலை சாலையில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் 11,800 ரூபாய்க்கு இந்த நாற்காலியை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. இதற்கு முன் இரண்டு நாற்காலிகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். இரண்டிலும் இடுப்பு வலிதான் மிச்சம். அதனால்தான் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

சென்னையில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறேன். டேலி பதிவு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்று காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் எழும்போது இரவு ஏழாகிவிடும். அப்பத்தாவுக்குத் துணையாகப் பள்ளத்தூர் வீட்டுக்கே வந்துவிட்டேன். முகப்பை ஒட்டிய அறையில் ஐயா (தாத்தா) காலத்து பர்மா தேக்கு மேசை ஒன்று கிடக்கிறது. உயரம் 74 செ.மீ. முன்பக்கம் முழுக்க இழுப்பறை. அதன் காலை அறுக்கவோ, அடியில் கீபோர்டு பலகை வைத்து ஆணி அடிக்கவோ எனக்கு மனசு வராது. ஆக, நாற்காலிதான் மேசைக்கும் எனக்கும் ஒத்துவர வேண்டும். என் உயரம் 150 செ.மீ.

முதல் நாற்காலி ஆன்லைனில் வாங்கியது. தலைக்கு அணை, பெரிய முதுகு, பார்க்க நன்றாக இருந்தது. அதன் கைப்பிடியை ஏற்றி இறக்க முடியாது. மேசைக்கு அருகே இழுத்தால் இழுப்பறையில் போய் இடிக்கும். ஒரு ஜாண் தள்ளித்தான் உட்கார முடியும், அப்புறம் கீபோர்டை எட்ட முதுகை வளைக்கத்தானே வேண்டும்? அதோடு உட்காரும் பகுதியின் ஆழம் 50 செ.மீ. நன்றாகச் சாய்ந்தால் அதன் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் குத்தும். குத்தாமல் இருக்க முன்னே நகர்ந்து நகர்ந்து, நாள் முழுக்க நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய முதுகுப் பகுதியில் என் முதுகு படவே இல்லை. எட்டு மாதத்தில், நாற்காலியை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டரும் போய், உட்கார்ந்தால் தானாக இறங்க ஆரம்பித்தது.

இரண்டாவது, முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் எடுத்த பிரம்பு நாற்காலி. காற்று நன்றாகப் போகும், வேலைப்பாடும் அருமை. ஆனால் பிரம்பு நடுவில் தொய்ந்தால் உடம்பு உள்ளே இறங்கும், முன்கட்டை தொடையை அழுத்தும். ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். இப்போது அது வளவில் (வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) இருக்கிறது, அப்பத்தா அதில் உட்கார்ந்துதான் வெற்றிலை போடுகிறார்.

“ஏன் ஆத்தா, ஐயா கைப்பெட்டிய முன்னால வச்சுக்கிட்டு தரையில உக்காந்துதான அம்புட்டுக் கணக்கும் எழுதுனாக?” என்று அப்பத்தா ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பெட்டியின் மேல்பலகை சரிவாக இருக்கும், பேரேடு முகத்தைப் பார்த்தபடி நிற்கும், கழுத்து அவ்வளவு குனியாது. யாராவது வாசலில் வந்தால் ஐயா எழுந்துவிடுவார், திரும்ப வந்தால் காலை மாற்றிப் போடுவார். நானோ அப்போதெல்லாம் ஒரே இருப்பில் மூன்று மணி நேரம்.

மூன்றாவது முறை இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். வீட்டிலேயே அளந்து வைத்திருந்தேன். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 39 செ.மீ. பின்புறத்திலிருந்து அதே மடிப்பு வரை 46. மடிப்புக்கும் நாற்காலி விளிம்புக்கும் இடையே மூன்று விரல் நுழைய வேண்டும் என்பதால், ஆழம் 41க்கு மேல் போகக்கூடாது. உட்கார்ந்த இடத்திலிருந்து மடக்கிய முழங்கை வரை 23. மேசை 74 என்றால் நாற்காலி 51 வரை ஏற வேண்டும். அப்படி ஏற்றினால் கால் 12 செ.மீ. அந்தரத்தில் தொங்கும், அதற்குக் கால்பலகை வேண்டும். குள்ளமான பெண்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். கடையில் இருக்கும் பெரும்பாலான நாற்காலிகள் நம்மைவிட உயரமானவர்களை நினைத்துச் செய்தவை.

கடைப் பையன் “அக்கா, ஹெட்ரெஸ்ட் வச்சதைப் பாருங்க” என்றுதான் ஆரம்பித்தார். எனக்கு வேண்டியதைச் சொன்னதும், உட்காரும் பகுதி முன்னும் பின்னும் நகரும் மாடலைக் காட்டினார். 41 முதல் 47 வரை நகர்கிறது. கைப்பிடி இழுப்பறைக்குக் கீழே இறங்குகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டு நிமிடம் எந்த நாற்காலியும் சுகமாகத்தான் இருக்கும், இருபது நிமிடத்துக்கு மேல்தான் அதன் குணம் தெரியும்.

முதுகுக்கு வலை, உட்கார ஃபோம் என்று எடுத்தேன். சித்திரை வெயிலில் ரெக்ஸின் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், வலையில் அந்தத் தொல்லை இல்லை. உட்காரவும் வலையே உள்ள ஒன்றைப் பார்த்தேன், முன்சட்டம் தொடையில் உறுத்தியது. ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்தினால் அடிப்பலகை தட்டுப்படக்கூடாது. ஏழு மாதத்தில் இன்னும் அமுங்கவில்லை.

சக்கரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையில் சாயச் சிமெண்டை ஊற்றிச் செய்வது, அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் அழகே. முதல் நாற்காலியின் கெட்டி நைலான் சக்கரத்தில் மணல் சிக்கி, சிவப்புப் பூவின் மேல் அரை வட்டமாகக் கோடு விழுந்துவிட்டது. எத்தனை முறை துடைத்தாலும் போகவில்லை. அதனால் இந்த முறை மிருதுவான பியூ (பாலியூரிதேன்) சக்கரம் ஐந்தும் மாற்றச் சொன்னேன். தண்டு 11 மி.மீ. அளவு, பெரும்பாலான ஆபீஸ் நாற்காலிகளுக்குப் பொருந்தும்.

கால்பலகைக்கு முதலில் இரண்டு மணையை அடுக்கிப் பார்த்தேன், வழுக்கியது. ஆசாரி ஒருவர் மீந்த பலகையில் லேசான சரிவோடு செய்து கொடுத்தார், 350 ரூபாய். உள்ளங்கால் முழுக்கப் பதிகிறது.

காலையில் சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தவள், இரண்டாம் மாதத்தில் பிடிக்காமல் எழுந்தேன். நாற்காலி ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். சுவர்க் கடிகாரம் அரை மணிக்கு ஒருமுறை அடிக்கும்போதெல்லாம் எழுந்து வளவை ஒரு சுற்று வருகிறேன். காலில் மரமரப்போ வலியோ கீழே இறங்கினால் நாற்காலி தேடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

குறை இரண்டு. இடுப்புக்குத் தாங்கலாக உள்ள மேடு எனக்கு உயரத்தில் நிற்கிறது, கீழே இறக்க வழியில்லை. துண்டைச் சுருட்டி, பழைய கண்டாங்கிக் கிழிசலால் கட்டி அதற்குக் கீழே வைத்திருக்கிறேன். வலது கைப்பிடியின் உறை ஓரத்தில் பிரிகிறது. போன வாரம் கடைக்குப் போன் செய்தேன், மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளத்தூர் வரை கொண்டுவந்து இறக்க 300 ரூபாய் வாங்கினார்கள், சக்கரம் மாட்டியதற்குக் கூலி வாங்கவில்லை.