ஒற்றைப் பக்கச் செயலியில் வருகைக் கணக்கு: பிளாசிபிள், உமாமி, கோட்கவுண்டர்

எங்கள் ஊர் கிளினிக் ஒன்றுக்கு டோக்கன் எடுக்கும் செயலியை வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில், ஒற்றைப் பக்கச் செயலியாக எழுதிக் கொடுத்திருந்தேன். நோயாளியின் வீட்டார் போனில் திறந்து, தேதி பார்த்து, டோக்கன் எடுப்பார்கள். "நிறையப் பேர் உள்ளே வந்துட்டு எடுக்காமலே போயிடறாங்க போல. எங்கே போறாங்கன்னு பார்க்க முடியுமா?" என்று டாக்டர் கேட்டார். அதற்காகத்தான் வருகைக் கணக்குக் கருவி தேட ஆரம்பித்தேன்.

கூகுள் அனலிட்டிக்ஸ் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். ஒருவர் உடம்புக்கு முடியாமல் டாக்டரைத் தேடுகிறார் என்ற செய்தி ஒரு விளம்பர நிறுவனத்தின் கைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். மட்டோமோ 2007-இல் பிவிக் என்ற பெயரில் வந்த பழைய, நல்ல கருவி. ஆனால் என் தேவைக்கு ரொம்பப் பெரியது. மிஞ்சியவை பிளாசிபிள், உமாமி, கோட்கவுண்டர். மூன்றும் ஓப்பன் சோர்ஸ், மூன்றும் குக்கி (ஆளை அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு) வைப்பதில்லை, மூன்றையும் சொந்த சர்வரில் நிறுவலாம். கடைசியில் கோட்கவுண்டரை வைத்துக்கொண்டேன். காரணம் நான் முதலில் எதிர்பார்த்தது அல்ல.

சாதாரண வலைத்தளத்தில் ஒரு வரி ஸ்கிரிப்டை ஒட்டினால் வேலை முடிந்தது. ஒற்றைப் பக்கச் செயலியில் பக்கம் ஒரே ஒருமுறைதான் லோட் ஆகும். அப்புறம் நடப்பதெல்லாம், செயலிக்குள் பக்கங்களை மாற்றிக் காட்டும் ரவுட்டர் என்ற பகுதி முகவரியை மாற்றுவதுதான். பிளாசிபிளும் உமாமியும், முகவரியை மாற்றும் பிரவுசரின் புஷ்ஸ்டேட் அழைப்பைக் கவனித்து, முகவரி மாறும்போதெல்லாம் தாமாகவே எண்ணிக்கொள்ளும். கோட்கவுண்டர் அப்படிச் செய்யாது. ஒவ்வொரு முறையும் நாம்தான் சொல்ல வேண்டும். இதை ஒரு குறை என்றுதான் முதலில் குறித்து வைத்தேன்.

சோதனைக்காக உமாமியின் தானியங்கிக் கணக்கை ஒரு நாள் ஓடவிட்டேன். மாலையில் திறந்தால், பக்கப் பட்டியலில் "/டோக்கன்/4821", "/டோக்கன்/4822" என்று நூற்றுக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்வை, இரண்டு பார்வை. அது பரவாயில்லை. பாதி வரிகளின் வாலில், கேள்விக்குறிக்குப் பிறகு, பத்து இலக்க மொபைல் எண். எஸ்எம்எஸ்ஸில் போகும் இணைப்பிலேயே எண்ணை வைத்தது நான்தான். கருவி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. குக்கி இல்லை, ஐபி (இணைய இணைப்பின் முகவரி எண்) சேமிப்பு இல்லை என்று தேடித் தேடி எடுத்த கருவிக்குள் நானே நோயாளிகளின் போன் நம்பரைக் கொட்டியிருந்தேன். அன்று இரவே அந்த டேட்டாபேஸை அழித்தேன்.

ஒற்றைப் பக்கச் செயலியில் முகவரி என்பது பக்கத்தின் பெயர் மட்டும் அல்ல. யாருடைய டோக்கன், எதைத் தேடினார், எந்த வடிகட்டி என்று பாதி விவரம் அதற்குள்தான் இருக்கிறது. ஆகவே அனுப்ப வேண்டியது முகவரி அல்ல, ரூட்டின் அச்சு, அதாவது ஆளுக்கு ஆள் மாறும் விவரம் இல்லாத பாதை வடிவம். வியூ ரவுட்டரில் ஒவ்வொரு பக்க மாற்றத்துக்குப் பிறகும் ஓடும் ஆஃப்டர்ஈச் கொக்கிக்குள், பொருந்திய ரூட்டுகளில் கடைசியானதை எடுத்தால் "/டோக்கன்/:எண்" என்ற வடிவம் கிடைக்கும். அதை மட்டும் அனுப்பினால் நூற்றுக்கணக்கான வரிகள் ஒரே வரியாகச் சுருங்கும். எண்ணிக்கைக்கு அப்போதுதான் அர்த்தமே வருகிறது.

இதை மூன்றிலும் செய்யலாம். பிளாசிபிள் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதில் பிரசாரக் குறிகளை (எந்த விளம்பரம் வழியாக வந்தார் என்று காட்ட இணைப்பில் சேர்ப்பவை) தவிர மற்றவற்றைத் தானே வெட்டிவிடும். கைமுறைப் பயன்பாட்டில் முகவரியையும் நாமே கொடுக்கலாம். உமாமியில் தானியங்கியை அணைத்துவிட்டு நாம் விரும்பும் முகவரியோடு அழைக்கலாம். வித்தியாசம் எங்கே என்றால், அவற்றில் நான் நிறுத்தினால்தான் நிற்கும், கோட்கவுண்டரில் நான் அனுப்பினால்தான் போகும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் இந்தச் செயலியில் புதிய பக்கம் சேர்ப்பார். அவர் மறந்தால் ஒரு பக்கம் எண்ணப்படாமல் போகட்டும். ஒருவருடைய எண் வெளியே போக வேண்டாம்.

கோட்கவுண்டரிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ஸ்கிரிப்ட், நாம் கொடுக்கும் பாதையோடு, பிரசாரக் குறிகளைக் கண்டுபிடிப்பதற்காக முகவரியின் கேள்விக்குறிப் பகுதியையும் தனியாக சர்வருக்கு அனுப்புகிறது. அதனால் ஸ்கிரிப்டையே விட்டுவிட்டு, பாதையை மட்டும் அனுப்பும் எட்டு வரியை நானே எழுதிக்கொண்டேன். எஸ்எம்எஸ் இணைப்பிலிருந்து மொபைல் எண்ணையும் எடுத்துவிட்டேன். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதலில் செய்யுங்கள். இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். எங்கிருந்து வந்தார் என்பதை முதல் பக்கத்துக்கு மட்டும் அனுப்புங்கள். உள்ளே பக்கம் மாறினாலும் பிரவுசர் பழைய தகவலையே வைத்திருக்கும். பக்கத் தலைப்பை அனுப்புவதானால் நெக்ஸ்ட்டிக் வரை, அதாவது வியூ திரையைப் புதுப்பித்து முடிக்கும்வரை, காத்திருங்கள், இல்லாவிட்டால் முந்தைய பக்கத்தின் தலைப்பு போய்ச் சேரும். வியூவைப் போன்ற இன்னொரு கருவியான ரியாக்ட்டில் இதை நான் செய்து பார்த்ததில்லை.

பராமரிப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளாசிபிளுக்கு போஸ்ட்கிரெஸ், கிளிக்ஹவுஸ் என்று இரண்டு டேட்டாபேஸ் வேண்டும். 1 ஜிபி நினைவகம் உள்ள என் சர்வருக்கு அது தாங்காது. உமாமிக்கு, சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடும் போஸ்ட்கிரெஸும் போதும். கோட்கவுண்டர் கோ மொழியில் எழுதிய ஒரே ஒரு கோப்பு, பக்கத்தில் டேட்டாபேஸாக ஒரு எஸ்கியூலைட் கோப்பு. இரவில் அந்த இரண்டாவது கோப்பின் நகலை எடுத்து வைத்தால் பேக்கப் முடிந்தது.

"எத்தனை பேர்" என்ற எண்ணை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும். மூன்றுமே ஐபியையும் பிரவுசர் விவரத்தையும், "உப்பு" எனப்படும் ஒரு ரகசியச் சரத்தைச் சேர்த்து, ஹாஷ் (திருப்பிப் படிக்க முடியாத குறியீடு) ஆக்கித்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. பிளாசிபிள் அந்த உப்பை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறது. உமாமியில் வழக்கமான அமைப்பில் அந்த அடையாளம் மாதக் கணக்கு. கோட்கவுண்டரில் அதிகபட்சம் 8 மணி நேரம். காலையில் டோக்கன் எடுத்தவர் மாலையில் தன் முறையைப் பார்க்க வந்தால் கோட்கவுண்டர் இரண்டு பேர் என்று சொல்லக்கூடும். மறுபக்கம், ஒரே ஐபியைப் பலர் பங்கிடும் மொபைல் இணையத்தில் இரண்டு பேர் ஒருவராகிவிடுவதும் உண்டு. ஆகவே இந்த எண்களை வாரத்துக்கு வாரம் ஒப்பிடலாம், தலை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோட்கவுண்டரில் இல்லாதது, ஒருவர் எந்தப் படியில் விலகினார் என்று காட்டும் ஃபனல் வசதி. பிளாசிபிளின் கட்டணச் சேவையில் அது இருக்கிறது. இலவசமாக நாமே நிறுவும் பதிப்பில் இல்லை. வாங்கல் விற்றல் நடக்கும் கடைச் செயலி என்றால் நான் அதற்குப் பணம் கட்டியிருப்பேன். டாக்டரின் கேள்விக்கு அந்த அளவு தேவைப்படவில்லை. தேதி தேர்ந்தெடுக்கும் பக்கத்தின் எண்ணையும் அதற்கு அடுத்த பக்கத்தின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதே இடம் தெரிந்துவிட்டது. நாட்காட்டியில் இன்றைய தேதி மூடியிருந்தால் நாளைக்குப் போக ஒரு சிறிய அம்புக்குறியைத் தட்ட வேண்டியிருந்தது. இப்போது அடுத்து காலியாக உள்ள நாளிலேயே திறக்கும்படி மாற்றியிருக்கிறேன்.