வகுப்பறையில் உயர் நீதிமன்றம்: எந்த வழக்கை எடுப்பது?

மாதிரி நீதிமன்றம் என்றதும் பல பள்ளிகளில் ஒரு கொலை வழக்கைத்தான் எழுதி எடுத்து வருகிறார்கள். கூண்டு, சாட்சி, கண்ணீர், கடைசியில் ஒரு தீர்ப்பு என்று மேடைக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அது கடுமையான குற்ற வழக்குகளை விசாரிக்கும் அமர்வு நீதிமன்றத்தில் (செஷன்ஸ் கோர்ட்டில்) நடக்கும் விசாரணை. உயர் நீதிமன்றத்தை வகுப்புக்குள் கொண்டுவருவதாகச் சொன்னால், அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் வரும் ரிட் மனுவை, அதாவது உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்திடம் நேரடியாக நிவாரணம் கேட்கும் மனுவை எடுப்பதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

கொலை வழக்குக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அது குறுக்கு விசாரணை. சாட்சி சொல்வதைக் கூர்ந்து கேட்டு, அந்தப் பதிலுக்குள்ளிருந்தே அடுத்த கேள்வியை எடுக்க வேண்டும். அருமையான பயிற்சிதான். ஆனால் வகுப்பில் கேள்வியும் பதிலும் முன்பே எழுதப்பட்டு மனப்பாடமாகிவிடுகின்றன. ஏழெட்டுப் பேர் நடிக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

ரிட் மனுவில் சாட்சிக் கூண்டுக்குப் பொதுவாக வேலை இல்லை. மனுதாரரின் பிரமாணப் பத்திரம் (உறுதிமொழியோடு எழுதித் தரும் வாக்குமூலம்), எதிர்மனுதாரரின் பதில், பிறகு வாதம். என்ன நடந்தது என்பதில் தகராறு குறைவு. நடந்தது சட்டப்படி செல்லுமா என்பதே கேள்வி. நீதிபதி எந்த இடத்திலும் குறுக்கிட்டுக் கேட்கலாம். அப்போது மனப்பாடம் உதவாது, காரணம் தெரிந்திருக்க வேண்டும். பத்திரங்களை எழுதவே பாதி வகுப்பு தேவைப்படும் என்பது கூடுதல் நன்மை.

அடுத்து, கற்பனை வழக்கா உண்மை வழக்கா? இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கற்பனை வழக்கை எழுதும் ஆசிரியர் தம்மை அறியாமலேயே ஒரு தரப்பை நல்லவராக்கிவிடுகிறார். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உண்மை வழக்குகளில் பள்ளி, கல்லூரி மாணவர்களே மனுதாரர்களான இரண்டு, கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தவை. முதலாவது 2019-ஆம் ஆண்டு வழக்கு. மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை விடுதியில் கைப்பேசி கூடாது என்ற விதிக்கு உடன்படாத கல்லூரி மாணவி விடுதியை விட்டு நீக்கப்பட்டார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கூறி, அவரைத் திரும்பச் சேர்க்க நீதிபதி பி.வி. ஆஷா உத்தரவிட்டார். இந்த வழக்கைச் சொன்னதும் வகுப்பு துள்ளி எழும். குறையும் அங்கேதான்: எல்லோருக்கும் மாணவியின் தரப்பே வேண்டும், கல்லூரிக்காக வாதாட ஆள் கிடைக்காது.

இரண்டாவது, தேசிய கீத வழக்கு. 1985 ஜூலையில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். காலைக் கூட்டத்தில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும், பிறகு இரு நீதிபதிகள் அமர்வும் அவர்களுடைய கோரிக்கையை ஏற்கவில்லை. கீதத்தின் எந்தச் சொல்லும் எவருடைய மத உணர்வையும் புண்படுத்தாது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் இதை மாற்றினார்கள். சொற்களைப் பற்றி நமக்கு என்ன தோன்றுகிறது என்பது கேள்வியே இல்லை, அந்த நம்பிக்கை உண்மையாகக் கொள்ளப்பட்டதா என்பதே கேள்வி என்றார்கள்.

நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். இந்த வழக்கில் இரு தரப்பும் உண்மையான நீதிமன்றத்தில் ஒருமுறையாவது வென்றிருக்கின்றன. பள்ளிக்காகப் பேசும் மாணவருக்கு 51-ஏ பிரிவின் அடிப்படைக் கடமை கையில் இருக்கிறது. தேசிய கீதத்தை மதிக்க வேண்டும் என்று அதுவே சொல்கிறது. பிள்ளைகளுக்காகப் பேசுபவருக்கு பேச்சுரிமை, மத உரிமை பற்றிய 19, 25 பிரிவுகளும், தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. அந்தச் சட்டம் கீதம் பாடுவதைத் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பவரையும் தண்டிக்கிறது. பாடாமல் நிற்பவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இந்த இடைவெளியைப் பதினான்கு வயதுப் பிள்ளை தானே படித்துக் கண்டுபிடிக்கும்போது கிடைப்பதை எந்தக் கொலை வழக்கும் தராது.

வாதங்களைத் தமிழிலேயே நடத்துங்கள். 2006-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும், நீதிமன்ற மொழி பற்றிய 348-ஆவது பிரிவின்கீழ் தேவையான குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மொழியாகத் தமிழ் இன்னும் ஆகவில்லை. வகுப்பறைக்கு அந்தத் தடை இல்லை.

அமர்வுக்கு இரண்டு நீதிபதிகள் போதும். அவர்கள் மாறுபட்டால், உயர் நீதிமன்ற வழக்கப்படி மூன்றாவது நீதிபதியிடம் போகும். அதுவரை வாய் திறக்காத ஒரு மாணவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கலாம். பெயர்களையும் ஊரையும் மாற்றிக் கொடுப்பது நல்லது, இல்லாவிட்டால் முதல் நாளே இணையத்தில் தீர்ப்பைத் தேடி எடுத்துவிடுவார்கள். வகுப்பின் அமர்வு தன் உத்தரவைக் காரணங்களோடு எழுதி வாசித்த பிறகு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அவர்கள் கையில் கொடுங்கள்.