திருப்பூரில் திடீர்க் காய்ச்சல்: டாக்டர் கிடைக்கிறார், மருந்தின் பேர் கிடைப்பதில்லை

திருப்பூரில் காய்ச்சலுக்கு டாக்டர் கிடைக்காமல் நான் திண்டாடியது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே கோபமாக நிறைய எழுதப் போகிறேன். தாராபுரம் பக்கமிருந்து எங்கள் கம்பெனி செக்கிங் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருக்கிற பெண், சின்னக் குழந்தைகளோடு அனுப்பர்பாளையத்தில் வீடு பார்த்திருக்கிறாள். “ஏனுங்க்கா, ராத்திரில காய்ச்சலடிச்சா இங்க எங்கீங்க்கா தூக்கிட்டு ஓடுறது?” என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். சோற்றுப் போசியை மூடுவதற்குள் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. இத்தனை வருஷமாக இந்த ஊரில் அம்மாவையும் பையனையும் வைத்துக்கொண்டு பார்த்ததை எழுதினால் மற்றவர்களுக்கும் ஆகும்.

இங்கே சீசன் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகும், ரெண்டு நாளில் போகும். படுக்கையில் தள்ளுகிற ஃப்ளூ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையோடு வரும். வடமாநிலங்களில் ஜூலை, ஆகஸ்ட்டில் ஏறுவது தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் ஏறும். டெங்குவும் அதே மாதங்களில் வரும் என்பதுதான் தொல்லை. முதல் நாள் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது: ஒரே மேல்வலி, ஒரே தலைவலி, ஒரே 102, 103. சில வருஷம் கணக்கு தப்பும். 2023 மார்ச்சில் எச்3என்2 என்கிற ஃப்ளூ பரவியபோது தமிழ்நாடு முழுக்க ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் போட்டார்கள். இருமலும் காய்ச்சலும் என்றாலே ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள், காய்ச்சல் மூன்று நாளில் விடும், இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும் என்று இந்திய மருத்துவ சங்கமும் டாக்டர்களுக்கு அப்போது அறிவுரை விட்டது.

இனி எங்கள் தெரு முனைக் கிளினிக். பேர் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரி கிளினிக் ஊருக்குள் நிறைய உண்டு. பொழுதோட ஆறு மணிக்குத் திறந்தால் ராத்திரி பத்து, பத்தரை வரைக்கும் டாக்டர் இருப்பார். பேர் கொடுத்தால் டோக்கன், கூட்டமென்றால் முக்கால் மணி நேரம். ஊசி, மாத்திரை எல்லாம் சேர்த்து ஒரே ஃபீஸ். குழந்தை துவண்டு கிடந்தால் வரிசையில் இருக்கிறவர்களே “நீங்க முன்னால போங்கம்மிணி” என்று விடுவார்கள். வேகம் என்று பார்த்தால் இதை மிஞ்ச ஆளில்லை.

என் எரிச்சல் கவுண்டரில் ஆரம்பிக்கிறது. டாக்டர் துண்டுச் சீட்டில் என்னவோ கிறுக்கி உள்ளே தள்ளுவார். கவுண்டர் அக்கா கத்தரிக்கோலை எடுத்து அட்டையிலிருந்து மாத்திரைகளைச் சதுரம் சதுரமாக வெட்டுவார். மருந்தின் பேர் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும்; நமக்கு வருகிற சதுரத்தில் வெறும் வெள்ளித்தாள், அதிர்ஷ்டம் இருந்தால் நாலு எழுத்து. ஒன்று டப்பாவிலிருந்து கொட்டிய உதிரி மாத்திரை. எல்லாம் ஒரு வெள்ளைக் கவருக்குள் போகும். “வெள்ளை காத்தால ராத்திரி, மஞ்சள் மூணு நேரம், சின்னது தூங்கறப்ப பாதி” என்று சொல்லிக்கொண்டே பேனாவில் கோடு போடுவார். காலை, மதியம், இரவு என்று அச்சடித்த கட்டங்கள் அந்தக் கவரில் இருக்கின்றன. மருந்தின் பேருக்குக் கட்டம் இல்லை. டாக்டர் கிறுக்கிய துண்டுச் சீட்டும் அங்கேயே கம்பியில் குத்தப்பட்டுவிடும். ஊசி கேட்கவே வேண்டாம். “என்ன ஊசிங்க?” என்றால் “காய்ச்சல் ஊசிங்க.”

இது சின்ன விஷயம் இல்லை. ஊசியில் பாராசிட்டமால் போனதா இல்லையா என்று தெரியாவிட்டால் வீட்டில் அடுத்த வேளையை எப்போது கொடுப்பது? இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம் விட வேண்டிய மருந்து அது. குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ற அளவு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். சிரப்பிலோ 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கிறதும் உண்டு, 250 இருக்கிறதும் உண்டு. லேபிள் இல்லாத குட்டிப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து “ஒரு மூடி” என்றால் எந்த மருந்தில் ஒரு மூடி? டெங்குவாக இருக்கலாம் என்கிற காய்ச்சலில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மாதிரி வலி மருந்துகள் கூடாது, ரத்தக்கசிவை அவை கூட்டும். மேல்வலிக்கு என்று அந்தக் கவரில் இருக்கிற மஞ்சள் மாத்திரை எது?

அம்மாவுக்கு நடந்ததிலிருந்துதான் எனக்கு இது ஆறாமல் இருக்கிறது. அம்மா பழைய சர்க்கரைக்காரர். ஒரு கார்த்திகையில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். வேறொரு கிளினிக்கில், அதுவும் பக்கத்தில்தான், ரெண்டு ஊசி போட்டு வழக்கமான கவரைக் கொடுத்து அனுப்பினார்கள். காத்தால காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டார். பொழுதோட நாக்கு வறண்டு, பேச்சு குழற, மெஷினில் வைத்துப் பார்த்தால் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “நேத்து என்ன ஊசிங்க போட்டாங்க? ஸ்டீராய்டு ஏதாச்சும் போட்டாங்களா?” கவரைக் கொடுத்தேன். கையில் கொட்டிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்துவிட்டார். கிளினிக்குக்கு ஃபோன் போட்டால், “காய்ச்சலுக்கும் சளிக்கும் போடறது தானுங்க, எப்பவும் போடற ஊசிதான்.” அவ்வளவுதான் பதில். இன்சுலின் போட்டு, குளுக்கோஸ் இல்லாத சலைன் ஏற்றி இறக்கினார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும். டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டும் ஏற்றும். அன்றைக்கு எது ஏற்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குற்றம் சாட்டவும் முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. டாக்டர் தன்னிடம் வருகிற நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கலாம், அதற்கு மருந்துக்கடை லைசென்ஸ் வேண்டியதில்லை என்று மருந்து விதிகளின் ஷெட்யூல் ‘கே’ விலக்கு தருகிறது. ஆனால் சீட்டிருந்தால்தான் விற்கலாம் என்கிற ஷெட்யூல் ‘எச்’ மருந்தானால், மேலே டாக்டரின் பேர், முகவரி, சாப்பிட வேண்டிய அளவு எழுதிய லேபிள் வேண்டும், மருந்தின் பேர் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று அதே விலக்கு நிபந்தனையும் போடுகிறது. மருந்தை ஜெனரிக் பேரில், படிக்கிற மாதிரி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்று மருத்துவ கவுன்சில் 2016இல் திருத்திய நடத்தை விதியிலும் இருக்கிறது. அந்த நாலு வரியைத்தான் கவரில் கேட்கிறேன்.

டாக்டரை மட்டும் பிடித்து உலுக்கவும் மனசு வரவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு அங்கே உட்கார்ந்திருந்தால் தெரியும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டெய்லர்கள் தலைமுடியில் பஞ்சோடு வந்து நிற்பார்கள். “நாளைக்கு ஷிப்டுக்குப் போகோணும் சார், ஊசி போட்டு உட்ருங்க.” ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு, ஷிப்மென்ட் நேரத்தில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் வேறு. ஊசி போடாத டாக்டரிடம் அடுத்த தடவை வரமாட்டார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிற பசங்களுக்குத் தமிழில் எழுதினாலும் ஆகாது, அதற்கு அந்தக் கட்டமும் கோடும்தான் சரி. எல்லாம் புரிகிறது. ஆனால் ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்று ஜனங்கள் நம்புவதற்கும், போட்ட ஊசியின் பேரை எழுதாமல் இருப்பதற்கும் என்ன சம்பந்தம்?

எதிர்பாராமல் எனக்குப் பிடித்துப்போனது நகர்ப்புற நலவாழ்வு மையம். 2023 ஜூனில் தமிழ்நாடு முழுக்க ஐந்நூறு மையங்களை ஒன்றாகத் திறந்தார்களே, அதில் ஒன்று எங்கள் வார்டிலும் உண்டு. காத்தால எட்டிலிருந்து பன்னிரண்டு, பொழுதோட நாலிலிருந்து எட்டு. இந்த நாலு டு எட்டுதான் திருப்பூருக்கு உயிர். அரசு ஆஸ்பத்திரி என்றால் காலை ஓ.பி., ஓ.பி. என்றால் அரைநாள் லீவு என்றிருந்த ஊரில், கம்பெனி விட்டு வந்து போகலாம். காசு கிடையாது. டாக்டர், நர்ஸ் இருக்கிறார்கள். எனக்கு முக்கியம் அந்த ஓ.பி. சீட்டு: பாராசிட்டமால் 500, இத்தனை வேளை, இத்தனை நாள் என்று எழுதிக் கையில் தருகிறார்கள். அட்டையில் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கல்ல என்ற அச்சுக்குப் பக்கத்தில் மருந்தின் பேரும் இருக்கும். முதல் தடவை அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோது எனக்கு ஒரு மரியாதை கிடைத்த மாதிரி இருந்தது. மறுநாள் எந்த டாக்டரிடம் போனாலும் அதை நீட்டலாம். ஊசி கேட்டாலும் பெரும்பாலும் போடமாட்டார்கள், அதற்காகவே பக்கத்து வீட்டு அக்கா அங்கே போவதில்லை. குறை என்றால் எட்டு மணிக்கு மேல் பூட்டு. காய்ச்சல் ஒன்பதுக்கு ஏறும்.

2020 ஏப்ரலில் வந்த இ-சஞ்சீவனியும் பயன்படுத்தியிருக்கிறேன். வீட்டிலிருந்தே வீடியோவில் டாக்டர், காசில்லை, மருந்துச் சீட்டு ஃபோனுக்கே அச்செழுத்தில் வரும். பெரியவர்களுக்குச் சளி, சாதாரண காய்ச்சல் என்றால் போதும். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்க வேண்டும் என்றால் உதவாது. மெடிக்கலில் போய் “காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க” என்று வாங்குவதை நான் அடியோடு விட்டுவிட்டேன், அந்த செட்டில் ஆன்டிபயாட்டிக் இருக்கும், ஃப்ளூ வைரஸை அது ஒன்றும் செய்யாது.

அவசரம் யாருக்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஓட வேண்டியதில்லை. லேசான காய்ச்சல், இருமல் என்றால் டெஸ்டும் வேண்டாம், ஃப்ளூ மாத்திரையும் வேண்டாம், வீட்டில் இருந்தால் போதும் என்றுதான் ஃப்ளூ நோயாளிகளை மத்திய சுகாதாரத் துறை பிரித்த ஏ, பி, சி வகையிலேயே இருக்கிறது. கர்ப்பிணி, அஞ்சு வயசுக்குள் குழந்தை, வயசானவர், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர் என்றால் காத்திருக்கக் கூடாது: ஒசெல்டமிவிர் என்கிற அந்த ஃப்ளூ மாத்திரை தேவைப்பட்டால் காய்ச்சல் ஆரம்பித்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், நகம் நீலம் பாய்ந்தால், குழந்தை பால் குடிக்காமல் மயங்கினால் கிளினிக்கே வேண்டாம், 108. தாராபுரம் ரோட்டு அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு ராத்திரியும் உண்டு.

இவ்வளவு திட்டிவிட்டு அந்தத் தெரு முனைக் கிளினிக்குக்கே இன்னும் ஏன் போகிறேன்? பையனுக்கு வந்த டெங்குதான் காரணம். காய்ச்சல் விட்டிருந்தது, நாங்கள் சந்தோஷமாக இருந்தோம், வயிற்றுவலி என்று மட்டும் அழுதான், வாந்தியெடுத்தான். ராத்திரி பத்து மணி, கிளினிக்கை மூடப் போகிற நேரம். டாக்டர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தார், உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார், அது சில்லென்று இருந்தது. “காய்ச்சல் விட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க, இப்பத்தான் பயப்படோணும். இங்க ஒரு நிமிஷம் நிக்காதீங்க” என்று சொல்லி, ஃபீஸ் வாங்காமல், ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தார். முதல் நாள் தான் கொடுத்த மருந்துகள், அளவு, நேரம், எல்லாம் தெளிவான எழுத்தில். அரசு மருத்துவமனையில் அந்தத் தாளைப் பார்த்த உடனே சலைன் ஏற்ற ஆரம்பித்தார்கள். பையன் நல்லபடியாக வீட்டுக்கு வந்தான். அந்த மனிதருக்கு எழுதத் தெரியும், எழுதினால் என்ன ஆகும் என்றும் தெரியும். மற்ற நாளெல்லாம் ஏன் எழுதுவதில்லை என்ற என் கோபம் அதற்கப்புறம்தான் கூடியது. இன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் பையனுக்கு 103 அடித்தாலும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு போவேன்.

ஆகவே கண்ணு, பொழுதோட எட்டு மணிக்குள் என்றால் நலவாழ்வு மையத்துக்குப் போ. அதற்கு மேல் என்றால் தெரு முனைக்குப் போ. கவுண்டர் அக்கா கத்தரிக்கோலை எடுக்கும் முன்னால் அட்டையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, பேரும் மில்லிகிராமும் தெரிய ஃபோனில் படம் எடுத்துக்கொள். ஊசி போட்டால் சிஸ்டர் குப்பியைக் குப்பையில் போடும் முன் அதையும் எடு, எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று அந்தக் கவர் மேலேயே எழுதிவை. கோபப்படுவார்கள், “எதுக்குங்க இதெல்லாம்” என்பார்கள். எடுக்காமல் வெளியே வராதே.