நாடாளுமன்றக் குழு முன் பேசப் பழக்கும் ஒருநாள் வகுப்பு: போய் வந்தேன்

லண்டனில் ஓர் அமைச்சகத்தில் வேலை. அடுத்த மாதம் நாடாளுமன்றத் தெரிவுக்குழு (அமைச்சகங்களின் வேலையை விசாரிக்கும் எம்.பி.க்கள் குழு) முன் எங்கள் இயக்குநர் பக்கத்தில் நானும் உட்கார வேண்டும் என்றதும், இதற்கென்றே நடத்தும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன்.

காலை அமர்வு சுமார்தான். 'ஆஸ்மதர்லி விதிகள்' என்று எல்லோரும் சொல்லும், குழு முன் பேசும் அதிகாரிகளுக்கான வழிகாட்டியைத் திரையில் போட்டு வாசித்தார்கள். 1980-இல் அதை எழுதிய அதிகாரியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது, 2014-இல் திருத்தினார்கள். வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் நன்றாக அழுத்திச் சொன்னார்கள்: அது அரசு தன் அதிகாரிகளுக்கு எழுதியது, நாடாளுமன்றம் அதை ஏற்றதில்லை. விதியைக் காட்டிக் குழுவின் வாயை அடைக்க முடியாது.

மதிய அமர்வுக்காகவே போகலாம். குதிரை லாட வடிவில் மேசை. நடுவில் தலைவராக ஒரு பயிற்சியாளர். என் சொந்தத் திட்டத்தின் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "தாமதமாகும் என்று அமைச்சரை எச்சரித்தீர்களா?" என்று கேட்டார். அமைச்சருக்குத் தரும் ஆலோசனையை வெளியே சொல்லக்கூடாதே. "அதைச் சொல்ல இயலாது" என்று நிறுத்தினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்த மௌனம் தாங்காமல், கேட்காத தேதி ஒன்றைச் சொன்னேன். அது தப்பான தேதி.

ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டிவிட்டு, மறுபடி செய்யச் சொன்னார்கள். ஆலோசனை என்ன என்பது அமைச்சர் பதில் சொல்ல வேண்டியது, சரி. ஆனால் தாமதம் எப்போது தெரிந்தது, எதனால், இதுவரை எவ்வளவு செலவு என்பதெல்லாம் நடந்த விஷயங்கள். நான் சொல்லியே ஆக வேண்டும். எண் நினைவில்லையென்றால் ஊகிக்காமல், "எழுத்தில் அனுப்புகிறேன்" என்று சொல்லி, அப்படியே அனுப்ப வேண்டும். இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது அன்றுதான் எனக்குப் பிடிபட்டது.

குறை உண்டு. அரசுச் செலவை ஆராயும் பொதுக்கணக்குக் குழுவுக்குப் பத்தே நிமிடம். அங்கே அமைச்சகத்தின் தலைமை அதிகாரியான நிரந்தரச் செயலாளர் கணக்குப் பொறுப்பு அதிகாரியாகச் செலவுக்குத் தானே பதில் சொல்கிறார். நாங்கள் அமைச்சர் சார்பில் பேசுகிறவர்கள். இந்த வேறுபாட்டுக்குத் தனி அமர்வே வைக்கலாம். தவறாகச் சொன்னதைக் குழுவுக்கு உடனே எழுதித் திருத்துவது பற்றியும் நான் கேட்ட பிறகுதான் பேசினார்கள். எனக்கு அது மன்னிக்க முடியாத விடுபடல். மக்கள் பிரதிநிதிகளின் பதிவில் தப்பான எண் ஒருநாள்கூடக் கிடக்கக்கூடாது.

போகிறவர்கள் உங்கள் சொந்தக் கோப்பையே எடுத்துப் போங்கள். அவர்கள் தரும் கற்பனைக் கோப்பில் யாருக்கும் நாக்கு உலரவில்லை.